அக்கா நீந்திய கோடை

எதையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் என் அப்பாவால் இருக்க முடியாது. சோறு காய்ச்சும் மின்சாரச் சட்டி ஒன்று வாங்குவதென்றாலும் நாலு கடை ஏறி இறங்குவார். கொப்பியில் நடுவே கோடு கிழித்து, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என்று எழுதுவார். கடைசியில் அம்மா முதல்நாளே சொன்னதைத்தான் வாங்கிக்கொண்டு வருவார். ஆனாலும் கொப்பியில் ஏறாத பொருள் வீட்டுக்குள் வந்தால் அவருக்குச் சோறு செமிக்காது. எனக்கு ஒன்பது வயதான கோடையில் அந்தக் கொப்பிக்குள் நான் போய் விழுந்தேன்.

ஜேர்மனியில், பான் நகரத்துக்கு வெளியே, ரைன் நதி வளைந்து போகிற ஒரு சின்ன ஊரில் அப்போது இருந்தோம். கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்காக அங்கே இரண்டு நீச்சல் லீக் நடக்கும். ஒன்று ஊரின் திறந்தவெளி நீச்சல்குளத்தில். மற்றது ஊர் எல்லையிலிருந்த ஏரியில். ஏரி என்றால் இயற்கையானது அல்ல. முன்பு சரளைக்கல் தோண்டியெடுத்த பள்ளத்தில் தண்ணீர் நிரம்பி உண்டானது. இரண்டிலும் ஆறு வாரம் பயிற்சி, இடையிடையே சின்னப் போட்டிகள், ஒவ்வொரு பிள்ளைக்கும் நேரம் குறித்த அட்டை. அப்பா இரண்டு இடத்துக்கும் போய் விசாரித்தார். குளத்தில் அடி தெரிகிறது என்று எழுதினார். ஏரியில் அடி தெரியவில்லை என்று எழுதினார். குளத்தில் பயிற்றுவிப்பவர்கள் இரண்டு பெண்கள், கதைத்துக்கொண்டே நிற்கிறார்கள். ஏரியில் ஒரே ஒரு கிழவர், ஆனால் தண்ணீரை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டார். இப்படியே பக்கம் நிறைந்ததே தவிர முடிவு வரவில்லை.

அம்மாவுக்கு இந்த விளையாட்டே பிடிக்கவில்லை. “பள்ளிக்கூடத்தில பழக்கினது காணாதே?” என்று கேட்டார்.

அப்பா குரலை உயர்த்தி நான் கேட்டது அன்றுதான். “நீந்தத் தெரியாமல் இந்த வீட்டில இனி ஒரு பிள்ளை இருக்கேலாது.”

எங்கள் வரவேற்பறையில் அக்காவின் படம் ஒன்று இருந்தது. நான் பிறப்பதற்கு முன்பே இலங்கையில், எங்கள் ஊரில் தவறிப்போன அக்கா. ஆறு வயது, இடுப்புவரை இரட்டைப் பின்னல், கமராவைப் பார்த்து முறைப்பு. எப்படித் தவறினாள் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. கேட்கக்கூடாது என்பது மட்டும் எப்படியோ எனக்குத் தெரிந்திருந்தது.

பதியும்போதுதான் சிக்கல் வந்தது. கோடை முடிவில் இரண்டு லீக்கும் ஒன்றோடொன்று மோதுவதால், ஒரு பிள்ளை ஒன்றில்தான் சேரலாமாம். இரண்டையும் ஆறு வாரம் அனுபவித்துப் பார்க்காமல் எது நல்லது என்று மனிசன் எப்படி முடிவெடுப்பது? அப்பா வழி கண்டுபிடித்தார். குளத்தில் என் பெயரைப் பதிந்தார். ஏரிக்கிழவர் அடையாள அட்டை எதுவும் கேட்காமல் ஒரு படிவத்தைத்தான் கொடுத்திருந்தார். அதைச் சாப்பாட்டு மேசையில் விரித்துவைத்து, அக்காவின் பெயரையும், என் வயதுக்குப் பொருந்தும் வருடத்தோடு ஒரு பிறந்த திகதியையும் எழுதினார்.

எங்கள் ஆட்களுக்கு இது பெரிய குற்றமாகத் தெரியாது. வீட்டில் ஒரு பெயர், அரசாங்கக் கந்தோரில் ஒரு பெயர், வந்திறங்கிய கடவுச்சீட்டில் வேறு யாருடையதோ பெயர் என்று வாழ்ந்தவர்கள். மாமா ஒருவர் இன்றைக்கும் தனக்குச் சம்பந்தமில்லாத ஒருவனின் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டுகிறார். ஆகவே எனக்கும் அது ஒரு பகிடியாகத்தான் இருந்தது.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து படிவத்தைப் பார்த்தார். “ஏனப்பா, வேற பேரே கிடைக்கேல்லை?”

“சட்டெண்டு வந்தது இதுதான். பதிவுக்கு ஒரு பேர் வேணும், அவ்வளவுதானே.”

அம்மா அந்தத் தாளைக் கையில் எடுத்தார். கிழித்துப்போடப் போகிறார் என்றுதான் நினைத்தேன். “திகதி பிழை,” என்றார் அம்மா. “அவள் ஆடி மாதம்.”

அப்பா திருத்தி எழுதினார்.

திங்களும் புதனும் குளம். செவ்வாயும் வியாழனும் ஏரி. குளத்துக்கு அப்பா கூட்டிப்போவார். நீலத் தண்ணீர், விசில், பொரித்த உருளைக்கிழங்கு வாசம், பிள்ளைகளின் கூச்சல். அங்கே நான் நான்தான். சுமாராக நீந்துகிற, அடிக்கடி திட்டு வாங்குகிற ஒரு பிள்ளை. ஏரியில் சத்தமே இருக்காது. மேல்தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும், முழங்காலுக்குக் கீழே திடீரென்று குளிரும். கிழவர் வரிசையாகப் பெயர் கூப்பிடுவார். முதல் வாரம் அக்காவின் பெயர் வரும்போது நான் பேசாமல் நின்றேன், பக்கத்துப் பிள்ளை இடிக்கவேண்டியிருந்தது. இரண்டாம் வாரம் கை தானாக உயர்ந்தது. மூன்றாம் வாரம் குளத்தில் என் சொந்தப் பெயரைக் கூப்பிட்டபோது நான் திரும்பிப் பார்த்தேன், யாரை என்று.

ஏரிக்கு வரமாட்டேன் என்றிருந்த அம்மா இரண்டாம் வாரத்திலிருந்து வரத் தொடங்கினார். தண்ணீர் காலில் படாத தூரத்தில் செருப்போடு நிற்பார். நான் கரையேறியதும் பெரிய துவாயால் சுற்றி, தலையைத் துடைத்து, போத்தலில் கொண்டுவந்த இஞ்சித் தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடிக்கத் தருவார். குளத்திலிருந்து வந்தால் என் தலை தானாகக் காயவேண்டியதுதான், யாரும் கேட்கமாட்டார்கள். ஏரி நாட்களில் புறப்படுமுன் என்னைக் கதிரையில் இருத்தித் தலை வாரிவிடுவார். என் தலைமயிர் காதோடு வெட்டியது. அம்மாவின் விரல்கள் கழுத்தோடு நிற்காது. மயிர் முடிந்த இடத்துக்குக் கீழேயும், முதுகு நெடுக, இடுப்புவரைக்கும் வெறும் காற்றைப் பின்னிக்கொண்டே போகும். நான் மூச்சுவிடாமல் இருப்பேன். பயமாகத்தான் இருந்தது. ஆனால் அசைந்தால் நிறுத்திவிடுவாரோ என்பதுதான் அதைவிடப் பெரிய பயம்.

ஆடி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை கிழவர் படிவத்தைப் பார்த்து, இன்று உன் பிறந்தநாள் அல்லவா என்றார். பிள்ளைகள் சுற்றி நின்று பாடினார்கள். அம்மா பையைத் திறந்து கேக்கை எடுத்தார். வீட்டிலேயே செய்து கொண்டுவந்திருக்கிறார். மேலே ஆறு மெழுகுதிரி. ஒன்பதல்லவா வரவேண்டும் என்று ஒரு பிள்ளை எண்ணிப் பார்த்துக் கேட்டது. “ஆறு காணும்,” என்று அம்மா தமிழிலேயே சொன்னார். நான் ஊதி அணைத்தேன். என் உண்மையான பிறந்தநாள் அந்த வருடம் பங்குனியில் கடைக் கேக்கோடு முடிந்திருந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஏரியில் நான் வேகமாக நீந்தினேன். குளத்தில் எப்போதும் வலப்பக்கம் திரும்பித்தான் மூச்செடுப்பேன், அதற்காகவே திட்டு விழும். ஏரியில் இடப்பக்கம் திரும்பி எடுக்கிறாய், நல்லது என்று கிழவர் பாராட்டியபோதுதான் எனக்கே தெரியவந்தது. அப்பா எல்லாவற்றையும் கொப்பியில் ஏற்றினார். இரவுச் சாப்பாட்டில் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவார்.

“அவள் மூண்டு செக்கன் குறைச்சிட்டாள்.”

“ஆரப்பா அவள்?” என்று நான் கேட்டேன்.

“நீதான், வேற ஆர்?” என்று அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. மறுநாள் அப்பா இல்லாத நேரம் கொப்பியைத் திறந்து பார்த்தேன். முதல் பக்கத்தில் கோட்டுக்கு இரண்டு பக்கமும் குளம், ஏரி என்று தலைப்பு இருந்தது. நடுப்பக்கங்களில் அந்த இடத்தில் என் பெயரும் அக்காவின் பெயரும் இருந்தன. எந்தப் பக்கத்தைப் பார்த்தாலும் அக்காதான் முன்னால். சொல்ல வெட்கமாக இருக்கிறது. செத்துப்போன ஒரு பிள்ளையோடு எனக்கு எரிச்சல் என்றால் அப்படியொரு எரிச்சல். அவளுக்குக் கிடைத்ததில் பாதியாவது என் பெயருக்குக் கிடைக்கவேண்டும் என்று மனம் கிடந்து துடித்தது.

கடைசிப் போட்டிக்கு முதல்நாள் மாலை பட்டியல் வந்தது. ஏரியில், ஒரே ஓட்டத்தில், மூன்றாம் தடம் நான், நாலாம் தடம் அக்கா. கெட்டிக்கார அப்பாவின் முகம் செத்துப்போயிற்று. குசினிக்குள் போய் அம்மாவோடு மெல்லக் கதைத்தார். நான் வாசலுக்கு வெளியே நின்றேன்.

“ரெண்டில ஒண்டை நிப்பாட்டவேணும். காய்ச்சல் எண்டு சொல்லலாம். ஆரை நிப்பாட்ட? நீர் சொல்லும்.”

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா யோசிக்கக்கூட இல்லை. “அவளை நிப்பாட்டாதேங்கோ,” என்றார்.

ஆக, காய்ச்சல் எனக்கு.

ஞாயிறு காலையில் குளத்து லீக்கின் தொலைபேசியை யாரும் எடுக்கவில்லை. அப்பா பதிலியந்திரத்தில் என் காய்ச்சலைச் சொல்லிவிட்டு நிம்மதியாகக் காரில் ஏறினார். யாராவது அடையாளம் கண்டுவிடுவார்கள் என்று, காரிலேயே எனக்கு ஏரி லீக்கின் வெள்ளைத் தொப்பியையும் கறுப்புக் கண்ணாடியையும் மாட்டிவிட்டார்கள். மிதவை மேடையிலிருந்து கரையை நோக்கி நீந்தவேண்டும். தடங்களுக்கு இடையே கயிறு கட்டியிருந்தது. நான் நாலாம் தடத்தில் போய் நின்றேன். கரையில் அம்மா வழக்கமான இடத்தில், துவாயோடு.

கிழவர் ஒலிபெருக்கியில் பெயர் கூப்பிட்டார். முதலாம் தடம், இரண்டாம் தடம். பிறகு மூன்றாம் தடம்: என் பெயர்.

யாரும் கை உயர்த்தவில்லை. காய்ச்சல் செய்தி அவருக்குப் போய்ச் சேரவில்லை. இரண்டாம் முறை கூப்பிட்டார். நான் அம்மாவைப் பார்த்தேன். என்னைக் காட்டி, அவள் இங்கே நிற்கிறாள் என்று ஒரு வார்த்தை அம்மா சொல்லவேண்டும், அதற்காக நான் அந்தத் தொப்பியைக் கழற்றித் தண்ணீரில் எறியத் தயாராக இருந்தேன். மூன்றாம் முறை கூப்பிட்டார். ஏரிக்கரையில் நின்ற எல்லோரும் அந்த வெற்றிடத்தைப் பார்த்தார்கள். கிழவர் தாளில் கோடு கிழித்தார். அடுத்து அக்காவின் பெயர் வந்தது, என் கை உயர்ந்தது.

விசில் ஊதியதும் பாய்ந்தேன். இடப்பக்கம் மூச்செடுக்கத் திரும்பும்போதெல்லாம் மூன்றாம் தடம் தெரிந்தது. காலியான, அசையாத தண்ணீர். பாதி தூரம் தாண்டியபின் அது அசையத் தொடங்கியது. அடுத்த மூச்சில் அலை பெரிதாயிற்று. அதற்கடுத்த மூச்சில், தண்ணீருக்கு மேலே ஒரு கை எழும்பி விழுந்ததைக் கண்டேன். அம்மாணை, சத்தியமாகக் கண்டேன். அக்கா என்று நினைத்தேன். உடனே, இல்லை, அக்கா இந்தத் தடத்தில் அல்லவா நீந்துகிறாள், அப்படியென்றால் அங்கே வருவது நான், என்று நினைத்தேன். என் உடம்பு முழுக்கக் குளிர் ஏறியது. நான் இங்கே இல்லை, அங்கே இருக்கிறேன், எனக்கு மூச்சு முட்டுகிறது.

கயிற்றைப் பிடித்து நின்று கண்ணாடியைக் கழற்றினேன். மூன்றாம் தடத்தில் இருந்தது அம்மா. நீந்தத் தெரியாத அம்மா, உடுத்த உடுப்போடு, கையில் துவாயோடு இறங்கியிருந்தார். சரளைப் பள்ளத்தில் நாலு அடி வைத்தால் நிலம் இல்லாமல் போய்விடும். தண்ணீரைக் குடித்துக்கொண்டே என் பெயரைச் சொல்லிக் கத்தினார், அக்காவின் பெயரை அல்ல, என்னுடையதை.

“அம்மா, நான் இஞ்ச நிக்கிறன்!” என்று அலறினேன்.

கிழவரும் அப்பாவும் பாய்ந்து அவரைக் கரைக்கு இழுத்தார்கள். நான் பின்னாலேயே நீந்திப் போய்ச் சேர்ந்தேன். அம்மா என் தொப்பியைப் பிடுங்கி எறிந்து, இரண்டு கையாலும் என் முகத்தைப் பிடித்தார். அவர் பார்த்த பார்வையில் என்னைத் தெரிந்ததற்கான அடையாளமே இல்லை.

“நீ எந்தப் பிள்ளை?”

என் பெயரைச் சொன்னேன். இன்னொருமுறை கேட்டார். இன்னொருமுறை சொன்னேன். அப்பா பக்கத்தில் மண்ணில் இருந்து, குழந்தைபோல் விக்கி விக்கி அழுதார்.

அதன்பிறகு நாங்கள் குளத்துக்கும் போகவில்லை, ஏரிக்கும் போகவில்லை. திரும்பி வரும்போது காரின் பின்னிருக்கையில் அம்மா என் கையை நோகும்படி பிடித்துக்கொண்டிருந்தார். உள்ளுக்குள் எனக்குக் கொண்டாட்டம். ஊர் முழுக்கப் பார்த்திருக்க அம்மா என் பெயரைச் சொல்லித்தான் கத்தினார், அக்கா தோற்றுவிட்டாள் என்று.

இருபது வருடம் கழித்து, எனக்கு முதல் பிள்ளை பிறந்த கிழமையில்தான் அம்மா சொன்னார். சண்டைக்காலத்தில், நெருக்கியடித்த ஒரு படகில் அக்காவோடு கடல்நீரேரியைக் கடந்தாராம். நடுவழியில் துவக்குச் சூடு விழுந்ததும் படகு சரிந்து நிமிர்ந்திருக்கிறது. அக்கரையில் இறக்கிவிட்டுப் படகோட்டி ஒவ்வொருவராகப் பெயர் கூப்பிட்டான். அக்காவின் பெயரை மூன்று தரம் கூப்பிட்டான். பிள்ளை பின்னால்தான் சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்று எண்ணி, அம்மா திரும்பிப் பார்க்காமல் பேசாமல் நின்றாராம். அவன் அடுத்த பெயருக்குப் போய்விட்டான். பிறகு திரும்பிப் பார்த்து, பிள்ளை இல்லையென்று கண்டு, தண்ணீரில் இறங்க ஓடியவரை ஆட்கள் இழுத்துப் பிடித்துவிட்டார்கள்.

அன்று அவர்கள் இறங்கவிடாத தண்ணீரில்தான் அம்மா இறங்கினார் என்பது ஒன்பது வயதில் எனக்குத் தெரியாது. வென்றுவிட்டேன் என்ற சந்தோசத்தில் அவர் மடியில் தலைவைத்து, வீடு வரும்வரை தூங்கினேன்.