குதிரைக்கு நான் கீறிய கால்கள்

சுருளை அவிழ்த்ததும் கற்பூரமும் அடுப்புக்கரியும் கலந்தது போன்ற ஒரு மணம் வீட்டை நிறைத்தது. கப்பலில் வேலை செய்த என் அண்ணா சீனத் துறைமுகம் ஒன்றில் வாங்கி, விடுமுறையில் வந்த கூட்டாளி ஒருவரிடம் நெடுந்தீவுக்குக் கொடுத்தனுப்பிய மை ஓவியம் அது. அதில் ஒரு குதிரை பனிமூட்டத்துக்குள் நின்றது. தலையும் முதுகும் வாலும் கறுப்பு மையில் கசிந்து தெரிந்தன, வயிற்றுக்குக் கீழே வெறும் வெள்ளைக் கடதாசிதான்.

சொந்தக்காரரில்லாமல் தீவெங்கும் திரிகிற கட்டாக்காலிக் குதிரைகளை வேலிக்கு வெளியே பார்த்துப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அது முடிக்காமல் விட்ட படமாகவே பட்டது. இரண்டு கிழமையாக அண்ணாவிடமிருந்து அழைப்பு வராமல் போனதும் அம்மாவுக்கு அது அபசகுனமாகவும் பட்டது. "பிள்ளை கடலிலை நிக்கேக்கை காலில்லாத குதிரையை ஆர் வீட்டிலை கொழுவுவினம்?" என்று கழற்றி, அலுமாரிக்குப் பின்னால் செருகிவிட்டார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. மூளை தேவைக்கு மேலாகவே வேலை செய்யும். குதிரைக்குக் கால் வந்தால் அண்ணாவும் வந்துவிடுவார், அம்மாவும் அழமாட்டார் என்று நம்பி, அம்மா கோயிலுக்குப் போன நேரம் படத்தை இழுத்தெடுத்து மைப்பேனையால் நாலு கால் கீறினேன். அந்த மெல்லிய கடதாசி மையை உறிஞ்சி ஊத, ஒவ்வொரு காலும் உலக்கை மாதிரிப் பருத்துப்போனது. திரும்பி வந்து பார்த்த அம்மா ஏசவில்லை. படத்தை எடுத்துப் பழைய ஆணியிலேயே கொழுவினார்.

அந்த வருட மார்கழியில் ஒருநாள், பள்ளிக்கூடம் போகிற வழியில், வெளியெல்லாம் மூடிய பனிக்குள் எங்கள் குதிரைகள் நின்றன. ஒன்றுக்கும் கால் தெரியவில்லை. அந்தச் சீனத்து மனிதர் கண்டதைத்தான் கீறியிருக்கிறார், நான்தான் கெடுத்துப்போட்டேன் என்று விளங்கியதும் புத்தகப்பையோடு நின்று அழுதேன்.

தை பிறந்ததும் அண்ணா சுகமாக வந்து சேர்ந்தார். படத்தின் முன்னால் நின்றவருடைய முகம் மாறிவிட்டது.

"ஆர் இதைக் கீறினது?"

நான் குசினிக் கதவுக்குப் பின்னால் ஒளிந்தேன்.

"நான்தான் தம்பி," என்றார் அம்மா. "நீ வந்து சேரவேணுமெண்டு கீறினனான்."

அண்ணா அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

இப்போது அம்மா இல்லை. அவருடைய கையெழுத்தில் ஒரு கடிதம்கூட எங்களிடம் மிஞ்சவில்லை. நெடுந்தீவு வீடும் பூட்டிக் கிடக்கிறது. படம் அண்ணாவோடு கனடாவுக்குப் போய்விட்டது. போன கிழமை வீடியோவில் பேசியபோது, அவருடைய மகள் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்த அந்தக் கால்களைத் தொட்டுக் காட்டினாள்.

"மாமி, இது அப்பம்மா கீறினதாம். அப்பா வேலைக்குப் போக முதல் ஒவ்வொரு நாளும் தொட்டுக் கும்பிடுறவர். உண்மையா அப்பம்மாவோ கீறினவ?"

சொல்லிவிட வேண்டும் என்று எத்தனையோ வருடமாக நினைத்திருந்தேன். அவளுக்குப் பின்னால் அண்ணா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஓம் குஞ்சு," என்றேன். "அப்பம்மாதான் கீறினவ."