உறை மாறிய இரண்டு வாக்குகள்

வெர்லின் ஹாகனுக்கு எழுபத்தாறு வயது. நானூறு மாடுகள், கொஞ்சம் கோதுமை நிலம். கவுண்டி அலுவலகத்தில் தேர்தல் வேலை பார்க்கும் எனக்கு அவர் பழக்கமானது ஒரு தவறால்.

எங்கள் மாநிலத்தில் பெரும்பாலோர் தபாலில்தான் வாக்களிக்கிறார்கள். சீட்டை வைத்து அனுப்பும் உறையில் அவரவர் பெயர் அச்சிட்டிருக்கும். பெயருக்கு உரியவர் அதில் கையெழுத்திட வேண்டும். வெர்லினும் மனைவி ஆர்டிஸும் சமையலறை மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து, கையால் மறைத்துக்கொண்டு சீட்டை நிரப்புவார்கள். அவர் குடியரசுக் கட்சி, அவள் ஜனநாயகக் கட்சி. கடைசியில் உறையை மாற்றி எடுத்துக் கையெழுத்திட்டுவிடுவார்கள். நான் கூப்பிடுவேன். நாற்பது மைல் வந்து, ஆளுக்கொரு புதுச் சீட்டு வாங்கி மறுபடி வாக்களிப்பார்கள்.

"கண்ணாடியப் போடுன்னு சொன்னேன், கேட்டாத்தானே?" என்பாள் ஆர்டிஸ்.

"போட்டு மட்டும் என்ன? என் ஓட்ட உன் ஓட்டு அடிச்சுடும். வீட்லயே கெடந்திருக்கலாம்."

இந்த நவம்பரிலும் உறை மாறியிருந்தது. ஆனால் தபாலில் சேர்த்த மறு வாரம் ஆர்டிஸ் இறந்துபோனாள். அமெரிக்கக் காங்கிரஸ் சபையில் எங்கள் மாநிலத்துக்கு ஒரே இடம். யார் ஜெயிப்பார் என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை.

தேர்தல் நாள் மதியம் வெர்லின் தனியாக வந்தார். இரண்டு உறைகளையும் அவர் முன்னால் வைத்தேன். தன் பெயர் அச்சிட்ட, ஆர்டிஸ் கையெழுத்திட்ட உறையைத் தொட்டார்.

"அவ சீட்டு இதுலதானே இருக்கு?"

"ஆமா. ஆனா எண்ண முடியாது. சரிபண்ண அவங்களே வரணும்."

"இது என் கையெழுத்துதான்னு எழுதித் தந்தா?"

"பொய்ச்சத்தியம் ஆயிடும் வெர்லின். சர்ச் விருந்துப் பட்டியல்ல எத்தன வருஷமா அவங்க எழுத்தப் பாக்குறேன்."

தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"கடைசி ஓட்டும்மா அது. ஆஸ்பத்திரிக்குக் கெளம்புறப்போ, சேத்துட்டியான்னு ரெண்டு தரம் கேட்டா. சேத்துட்டேன்னுதான் சொன்னேன்."

"உங்களுக்குப் புதுச் சீட்டு தரலாம். எட்டு மணி வரைக்கும் நேரம் இருக்கு."

வாங்கிக்கொண்டு தடுப்புக்குப் பின்னால் போனார். ஒரு பக்கச் சீட்டுக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. வெளியே வந்து பெட்டியில் போட்டார்.

"அவ ஆளுக்கே போட்டுட்டேன். தானியக் கிடங்குல கூடுற எவன்கிட்டயும் சொல்லிடாத. பொழுதன்னைக்கும் சிரிப்பானுங்க."

"எனக்கு ஒண்ணும் கேக்கல" என்றேன். வாக்களிக்கும் அறையில் யாருக்குப் போட்டோம் என்ற பேச்சு கூடாது.

மறு எண்ணிக்கை முடிய மூன்று வாரம் ஆனது. ஆர்டிஸின் ஆள் ஏழு வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். வெர்லினே போன் செய்து கேட்டார்.

"ஏழா?"

"ஏழுதான்."

"அவ இருந்திருந்தா எட்டுப் பேர வண்டியில அள்ளிப் போட்டுட்டு வந்திருப்பா."

மாட்டுக்கு வைக்கோல் போட வேண்டும் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.