தட்டிப் பார்ப்பவள்

என் மனைவிக்கு வாடகை வீடுகளைச் சோதிக்கும் வேலை. ஆட்கள் காலி செய்ததும் போய், எது எப்படிக் கெட்டிருக்கிறது என்று ஆங்கிலத்தில் எழுதித் தர வேண்டும். துருப்பிடித்த இரும்புக்கு ரஸ்ட், உளுத்த மரத்துக்கு ராட், வெளுத்த திரைச்சீலைக்கு ஃபேட்.

"எல்லாத்துக்கும் டேமேஜ்னு எழுதிட்டு வாயேன்" என்றால் முறைப்பாள். எதையும் விரல் முட்டியால் தட்டிக் கேட்ட பிறகுதான் எழுதுவாள். வீட்டில் காய்ந்துபோன ரொட்டியைக்கூடத் தட்டிப் பார்த்துத்தான் ஸ்டேல் என்பாள்.

நேற்று மாடியேறி வந்து மூச்சு வாங்க உட்கார்ந்தேன். முழங்கால் இரண்டும் கடகடத்தன.

"என்னைப் பத்தி என்ன எழுதுவே? ரஸ்டா, ராட்டா?" என்று வம்புக்கு இழுத்தேன்.

அவள் சிரிக்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து என் முழங்காலைத் தட்டினாள், முதுகைத் தட்டினாள், மார்பில் காதை வைத்து அங்கேயும் தட்டினாள்.

"வியர் அண்ட் டேர்."

"அப்படின்னா?"

"புழங்கினதால வந்த தேய்மானம். யார் மேலயும் குத்தம் சொல்ல முடியாது."

"ரிப்பேர் பண்ணணுமா?"

"வேண்டாம்" என்று பக்கத்தில் உட்கார்ந்து என் தோளில் சாய்ந்துகொண்டாள். "இன்னும் குடியிருக்கலாம்."