ஐம்பத்திரண்டு பயிற்சிகளையும் செய்தவள்

லொரெல் டிரீனின் மேசையில் எப்போதும் நான்கு ரப்பர்கள் இருக்கும். ஹோபார்ட் துறைமுகத்தை ஒட்டியிருக்கும் ஓவியக் கல்லூரியின் நூலகத்தில் அவளுக்கு அடுத்த நாற்காலியில் நான் பன்னிரண்டு வருடம் உட்கார்ந்திருக்கிறேன். அவளுடைய வேலையில் பாதி, அழிப்பது.

ஓவியமும் வடிவமைப்பும் படிக்கிற பிள்ளைகளுக்கென்று ஒரு வகைப் புத்தகம் உண்டு. கற்பனை வறண்டுபோனால் என்ன செய்யலாம், வெள்ளைத்தாளைக் கண்டு பயப்படாமல் இருப்பது எப்படி என்று சொல்லித்தருபவை. பக்கத்துக்குப் பக்கம் வெற்றுக் கட்டம் போட்டு, "இந்த வட்டங்களை முப்பது வேறு பொருள்களாக மாற்றுங்கள்" என்று எழுதியிருக்கும். நூலகப் புத்தகத்தில் கிறுக்கக் கூடாது என்பது எங்கள் விதி. கிறுக்கு என்கிறது புத்தகம். பிள்ளைகள் யார் பேச்சைக் கேட்பார்கள்? பென்சில் என்றால் லொரெல் அழித்து அலமாரியில் வைப்பாள். பேனா என்றால் கழித்துவிட வேண்டியதுதான்.

"இதப் பாரேன்," என்று ஒருநாள் ஒரு புத்தகத்தை விரித்து என் முன்னால் போட்டாள். "நாப்பதாம் பக்கம் தாண்டி ஒருத்தரும் போனதில்ல. பத்தொம்பது வருஷமாப் பாக்கறேன். அதுக்கு மேல எல்லாப் பக்கமும் கடையில வாங்கினப்ப இருந்த மாதிரியே இருக்கு."

"நீயாவது போய்ப் பாக்கறது."

"நானா? நாலாங்கிளாஸ்ல நான் வரைஞ்ச குதிரையப் பாத்துட்டு டீச்சர், மேசை ரொம்ப நல்லா இருக்குன்னாங்க. அதோட நிறுத்தினவ நான்."

பதினைந்து வயதில் பள்ளியை விட்டுவிட்டு ஹூவான் பள்ளத்தாக்கில் ஆப்பிளைத் தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்கும் வேலைக்குப் போனவள் அவள். கல்லூரிக்குத் துப்புரவு வேலைக்குத்தான் முதலில் வந்தாள். புத்தகங்களை எடுத்த இடத்தில் சரியாக வைக்கிறாள் என்பதைப் பார்த்து நூலகத்தில் சேர்த்துக்கொண்டார்கள். படங்களைத் தினமும் தொட்டுக்கொண்டிருந்தாலும், அதெல்லாம் வேறு ஆட்களுடைய சமாசாரம் என்று விலகியே இருந்தாள்.

ஐம்பத்தெட்டாவது வயதில் அவளுக்கு இடுப்பு மூட்டு மாற்று அறுவைசிகிச்சை செய்தார்கள். மூன்று மாதம் வீட்டில் இருக்கவேண்டும் என்றார் டாக்டர். கிளம்புகிற அன்று, கழித்துப்போட்ட புத்தகங்களிலிருந்து ஒன்றை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். மெல்போர்ன்காரர் ராஸ் ஹால்டேன் எழுதியது. பயிற்சிகள் மொத்தம் ஐம்பத்திரண்டு. முதல் மூன்றை எவனோ பச்சைப் பேனாவால் நாசம் செய்திருந்தான்.

"படிக்கவா?" என்றேன்.

"சும்மா கிடக்கறப்ப கைக்கு ஏதாவது வேணுமில்ல."

சும்மா இருக்கத் தெரியாதவள். சமையல் குறிப்பைப் பார்த்துச் சமைக்கிறவளைப் போல, ஒன்றாம் எண்ணிலிருந்து ஒரு வரிகூட விடாமல் செய்துகொண்டே போனாள். தாளைப் பார்க்காமல் எதிரில் இருப்பவரை வரையச் சொன்னது ஒரு பயிற்சி. எதிரில் இருந்தவன் அவள் புருஷன் கெவ், படகு எஞ்சின் பழுது பார்க்கிறவன். படத்தில் மூக்கு காதுக்குப் பின்னால் போய்விட்டது. அவன் அதை வாங்கிப் பார்த்து, "எங்கம்மா ஜாடை அப்படியே இருக்கு" என்றானாம்.

இன்னொன்று, ஒரே ஒரு நிறத்தைப் பிடித்துக்கொண்டு நடப்பது. கைத்தடியோடு ஆரஞ்சு நிறத்தைத் தேடிப் புறப்பட்டாள். ஒரு தபால்பெட்டிப் பூட்டு, யாரோ காயப்போட்ட மழைச்சட்டை, மீன்படகு மிதவைகள். அப்படியே போய், அண்டார்டிகாவுக்குப் போய்வருகிற ஆரஞ்சு நிறக் கப்பல் முன்னால் நின்றிருக்கிறாள். பத்தொன்பது வருடமாக அந்தத் துறைமுகத்தைக் கடந்து வேலைக்கு வந்தவள்.

"அவ்ளோ பெருசு! அது பாட்டுக்கு நிக்குது. நான் பாத்ததே இல்ல," என்று போனில் சொன்னாள். குரலில் கொஞ்சம் கோபம் இருந்தது. யார்மேல் என்று தெரியவில்லை.

இருபத்துமூன்றாவது பயிற்சியில் சிக்கினாள். ஒரே தாளை மடித்து, ஒரே ஒரு வெட்டு வெட்டி, எட்டுப் பக்கச் சிறு புத்தகம் செய்யவேண்டும். படம் போட்டு விளக்கியிருந்தது. வெட்டிவிட்டுப் பிரித்தால் புத்தகம் வரவில்லை, இரண்டு ஓரமும் கிழிந்த தாள்தான் வந்தது. பதினொரு தாள் வீணானது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. ஐம்பது வருடமாக மனசுக்குள் இருந்த டீச்சர் திரும்ப வந்து நின்றதுபோல இருந்தது என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

கெவ் வந்து படத்தை உற்றுப் பார்த்தான். "உன் கையில கோளாறு இல்லடி. கத்திரிக்கோல் தப்பான பக்கம் இருக்கு. மடிப்பு இருக்கற பக்கத்துலேர்ந்து வெட்டணும். இந்தாளு திறந்த பக்கத்துல வெட்டச் சொல்றான்."

மாற்றி வெட்டினார்கள். புத்தகம் வந்தது.

மூன்று மாதம் முடியும்போது ஐம்பத்திரண்டையும் முடித்திருந்தாள். வேலைக்குத் திரும்பியதும் ஹால்டேனுக்கு ஒரு கடிதம் எழுதினாள். நாலே வரி: இருபத்துமூன்றாம் பயிற்சியில் படம் தப்பு, அடுத்த பதிப்பில் திருத்தவும், நன்றி.

பத்து நாள் கழித்து நூலகத்துக்குப் போன் வந்தது. எடுத்தது நான். ஹால்டேன். லொரெலிடம் கொடுத்துவிட்டு ஒலிபெருக்கியை அமுக்கினேன்.

"லெட்டர் கிடைச்சுதுங்க. அந்தப் புத்தகம் வந்து ஒம்பது வருஷம் ஆச்சு. நாலு தடவை அச்சாயிருக்கு. இத யாருமே சொன்னதில்ல."

"யாரும் செஞ்சு பாத்திருக்க மாட்டாங்க."

"நீங்க வேற எதெல்லாம் செஞ்சீங்க?"

"எல்லாத்தையும். நீங்க செய்யலியா?"

"உண்மையச் சொல்லட்டுமா? எல்லாத்தையும் செஞ்சதில்ல. அந்த இருபத்துமூணு, யாரோ வகுப்புல கொடுத்த காகிதத்தப் பாத்துப் போட்டது."

லொரெல் என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டினாள். ஆனால் போனில், "சரி, இப்பவாவது சொன்னீங்களே" என்று தணிவாகத்தான் சொன்னாள்.

ஏப்ரலில் ஹால்டேன் வேறு வேலையாக ஹோபார்ட் வந்தபோது நூலகத்துக்கும் வந்தார். உயரமான, கூச்சப்படுகிற மனிதர். தேநீர் அறையில், மாவுக்குள் சிப்பிக்கறி வைத்துச் சுட்ட அந்த ஊர்ப் பலகாரம் மூன்று வாங்கிவைத்திருந்தோம். லொரெல் ஒரு துணிப்பையைக் கவிழ்த்துத் தான் செய்த எல்லாவற்றையும் மேசையில் பரப்பினாள். ஆப்பிளைத் தரம் பிரிக்கிற அதே கைவேகம்: இது நல்லா இருக்கு, இது பரவாயில்ல, இது வேண்டாம். அவர் வாயைத் திறக்காமல் குறித்துக்கொண்டே வந்தார். முப்பத்தோராவதில்தான் தகராறு. இருட்டறையில் ஒரு மணி நேரம் கல்லாக இருப்பதாக நினைத்துக்கொள்ளச் சொன்ன பயிற்சி அது.

"ஒரு மணி நேரம் கல்லா இருந்தேன். இடுப்பு வலிச்சுது. அவ்ளோதான்."

"அது என் மனசுக்கு ரொம்பப் பிடிச்சதுங்க." அவர் முகம் சிவந்துவிட்டது. "பொறுமை வேணும் அதுக்கு."

"பதினஞ்சு வருஷம் ஆப்பிள் பொறுக்கினவகிட்ட பொறுமையப் பத்திப் பேசறீங்களா?"

அவர் பேனாவை மூடிவைத்தார். நான் எழுந்து கெட்டிலைப் போட்டேன். பிறகு அவர், "நீங்க இதையெல்லாம் ஏன் கடைசி வரைக்கும் செஞ்சீங்க?" என்று கேட்டார்.

லொரெல் யோசித்தாள். "மொத பத்து, பொழுதுபோகாம. அப்புறம் ஒண்ணு கவனிச்சேன். நல்லா வந்துச்சா இல்லையான்னு உங்க புத்தகம் எங்கயும் கேக்கல. அடுத்தது என்னன்னு மட்டும் சொல்லுது. எனக்கு அது போதுமா இருந்துச்சு."

ஹால்டேன் அதை மட்டும் எழுதிக்கொள்ளவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறு வருடம் புதிய பதிப்பு வந்தது. முப்பத்தெட்டுப் பயிற்சிகள்தான். கத்திரிக்கோல் மடிப்புப் பக்கத்துக்கு மாறியிருந்தது. கல் பயிற்சியை அவர் விடவில்லை, பத்து நிமிடமாகக் குறைத்திருந்தார். முன்னுரையில், "இதிலுள்ள ஒவ்வொன்றையும் செய்து பார்த்தவர் லொரெல் டிரீன்" என்று ஒரு வரி. அவள் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, அட்டையில் நூலக எண்ணை ஒட்டி, மற்றவற்றோடு அலமாரியில் வைத்தாள். அன்று சாயந்திரம் கெவ் அவளை அழைத்துப்போக வந்தபோது அந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டினேன். அவன் அங்கேயே நின்றுகொண்டு உரக்க வாசித்தான். படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். லொரெல் அவன் சட்டைக் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனாள்.

அடுத்த புத்தகத்தையும் சோதித்துத்தர முடியுமா என்று ஹால்டேன் கேட்டு எழுதினார். கூலியும் தருவதாகச் சொன்னார். முடியாது என்று பதில் போட்டாள். டெர்வென்ட் ஆற்றங்கரையில் இருக்கிற படகுக் கொட்டகைகளை ஒன்றுவிடாமல் வரைந்துகொண்டிருந்தாள் அப்போது. சனிக்கிழமைதோறும் கெவ் துடுப்புப் போடுவான், அவள் மடியில் பலகையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒருமுறை நானும் போனேன். காற்று அடித்தது, படகு நகர்ந்துகொண்டே இருந்தது.

"அசையாம நிறுத்தேன்," என்றாள்.

"ஆத்தை நிறுத்தச் சொல்லு மொதல்ல," என்றான் அவன்.

அவள் தலையை நிமிர்த்தவில்லை. கொட்டகையின் தகரக் கூரை கொஞ்சம் கோணலாக வந்துகொண்டிருந்தது. அதை அழிக்காமல் அடுத்த கோட்டுக்குப் போனாள்.