எதிர்ச் சுவரில் ஒரு ஜன்னல்

மும்பை லோக்கல் ரயிலில் முன்பின் தெரியாத ஒருத்தி உங்களிடம் முதலில் கேட்பது, "எங்கே இறங்குவீங்க?" என்பதுதான். பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம், சாதி சம்பளம் எதுவும் வேண்டாம். நீங்கள் இறங்குகிற இடம் தெரிந்தால் போதும், அந்த இருக்கையைத் தனக்கென்று சொல்லி வைத்துக்கொள்வாள். பாளையங்கோட்டையிலிருந்து வந்த புதிதில் எனக்கு இது பற்றிக்கொண்டு வந்தது. நான் உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள் எப்போது எழுந்திருப்பேன் என்று பார்க்கிறாளே! நம் பக்கத்துப் பஸ்ஸில் "எந்த ஊரு? யாரு வீட்டுப் பிள்ளை?" என்று துருவுவார்கள், அதுவும் எனக்கு எரிச்சல்தான். ஆனால் அங்கே யாரும் என்னை எழுப்பிவிடப் பார்த்ததில்லை. இங்கே மூன்று பேர் இருக்கையில் நான்காவதாக ஒருத்தி ஒட்டிக்கொள்ளலாம். ஃபோர்த் சீட் என்று பெயர். பாதி உடம்பு பலகையில், பாதி உடம்பு வழியில். இத்தனை வருஷத்தில் பெரும்பாலும் அங்கேதான் எனக்கு இடம் கிடைக்கிறது.

செம்பூரில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் பாடம் எடுக்கிறேன். வீடு மாட்டுங்காவில். செம்பூரில் ஏறி, குர்லாவில் இறங்கி வேறு வண்டி மாறினால் அடுத்தது சயான், அதற்கடுத்தது மாட்டுங்கா. இறுதியாண்டு மாணவி சுகந்தி என்னோடு வருவாள். தமிழ்ப் பெண் என்று தெரிந்த நாளிலேயே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. "எங்கட்டி வீடு?" என்று கேட்டேன். "சயான்ல எறங்குவேன் மேடம்" என்றாள். சயான் என்றதும் ஒரு பழைய கட்டிடம், லிஃப்ட், பால்கனியில் துளசி என்று நானாக ஒரு வீட்டைக் கட்டி அவளைக் குடிவைத்துவிட்டேன். அவள் பேச்சில் இருந்த திருநெல்வேலி வாடையைக் கேட்டுச் சந்தோஷப்பட்டேனே தவிர, வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை.

எங்கள் படிப்பு லட்சணத்தையும் சொல்ல வேண்டும். ஊரில் நான் படித்த கல்லூரியில் காற்றாடிச் சோதனைக்கென்று ஓர் இயந்திரம் இருந்தது. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், 'தொடாதே' என்ற அட்டையோடு. அது சுற்றி நான் பார்த்ததே கிடையாது. சீனியர் அக்காவின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து அளவுகளை எழுதினோம். அந்த அக்கா யாரைப் பார்த்து எழுதினாளோ. மும்பையிலாவது வேறு மாதிரி இருக்கும் என்று வந்தால், இங்கே அதன் பெயர் ஜர்னல். அவ்வளவுதான் வித்தியாசம். செமஸ்டர் முடிவில் பிள்ளைகள் வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்து விடிய விடிய காப்பியடிக்கும். நான் கையெழுத்துப் போடுவேன். போட்டுப் போட்டு ஒரு நாள் எனக்கே அருவருத்துவிட்டது.

துறைத் தலைவரிடம் போய்ச் சண்டை போட்டேன். ஜர்னல் வேண்டாம், பிள்ளைகள் வெளியே போய் நிஜமான ஓர் இடத்தில் நிஜமான ஒரு சிக்கலைச் சரிசெய்யட்டும், அதற்கு மதிப்பெண் போடுவோம் என்றேன். ஒரே ஒரு குழுவுக்குச் சம்மதித்தார், அதுவும் நிபந்தனையோடு. வெளித் தேர்வாளர் அந்த இடத்துக்கே வந்து பார்ப்பார். அவர் ஒப்புக்கொள்ளாவிட்டால் குழு முழுவதற்கும் கே.டி. நம்மூரில் அரியர் என்பதைத்தான் இங்கே கே.டி. என்கிறார்கள். குழுவில் சுகந்தியும் இருந்தாள். ஒரு பெரிய கம்பெனியில் அவளுக்கு வேலை உறுதியாகியிருந்தது, கே.டி. ஒன்றுகூட இருக்கக் கூடாது என்ற கண்டிப்போடு. என் பிடிவாதத்துக்கு அவள் வேலையைப் பணயம் வைத்திருக்கிறேன் என்ற பயம் அன்றைக்கே தொற்றிக்கொண்டது.

இடம் தேடித் தாராவிக்குப் போனோம். வேறெங்கே போவேன்? 'நிஜ உலகம்' என்றதும் என் புத்தி நேரே அங்கேதான் போயிற்று. ஒரு சந்தில், மாடியில், காதர் பாய் தோல்பை செய்கிற பட்டறை வைத்திருந்தார். கடையநல்லூர்ப் பக்கத்துக்காரர். தோலை ஒட்டுகிற பசைக்கு அங்கே சொல்யூஷன் என்று பெயர். ஏணியில் ஏறித் தலையை நீட்டியதுமே அந்த நெடி மண்டைக்குள் இறங்கியது. "நமக்குப் பழகிருச்சும்மா. பசை தடவுத பொம்பளையதான் சாயங்காலம் தலவலி தலவலின்னு புலம்புதாக" என்றார். ஒட்டுகிற மேசைக்கு மேல் ஒரு தகரக் கூடு, அதிலிருந்து ஒரு குழாய், சுவரில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன். நெடியை உறிஞ்சி வெளியே தள்ளிவிட்டால் தீர்ந்தது. குழுத் தலைவன் ஓம்கார் என்ற மராட்டிப் பையன் குதித்தான். நானும் மனசுக்குள் குதித்தேன்.

சுகந்தி மட்டும் அங்கே வரவேயில்லை. ஒரு நாள் உடம்பு சரியில்லை, ஒரு நாள் மாமா வீட்டில் விசேஷம். கணக்குகளைக் கல்லூரியில் உட்கார்ந்தே போட்டாள். படம் பிரமாதமாக வரைந்தாள். ஆனால் ஒரே இடத்தில் முரண்டு பிடித்தாள்.

"பைப்ப நேரா வெளிய விடக் கூடாது மேடம். கூரைக்கு மேல ஏத்தணும்." படத்தில் விரலால் கோடு இழுத்துக் காட்டினாள்.

"ஏத்தினா வளைவு ஜாஸ்தியாகும், இழுப்பு குறையும். இன்னும் பெரிய ஃபேன் வேணும்" என்றான் ஓம்கார் ஹிந்தியில். அது சரிதான், புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கிறது.

"ஏன் மேலே ஏத்தணும்? காரணத்தைச் சொல்லு" என்றேன்.

"காரணம் இருக்கு மேடம்."

"இருந்தா சொல்லேன்! இன்ஜினியர்னா காரணம் சொல்லணும். மனசுல தோணுச்சுன்னு சொல்றதுக்கு இது ஜோசியமா?"

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு படத்தைச் சுருட்டினாள். அவளைத் தவிர எல்லோரும் நேர்க் குழாய்க்கே கை தூக்கினார்கள். எனக்கும் கோபம். களத்துக்கு வராதவள் களத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்கிறாளே என்று. அன்று மாலை ரயிலில் அவள் என் பக்கம் திரும்பவேயில்லை. சயான் வந்ததும் "வருதேன் மேடம்" என்று முனகிவிட்டு இறங்கிப் போனாள்.

பட்டறை லீவு நாளில் ஃபேனை ஓட்டிப் பார்த்தோம். ஊதுபத்திப் புகையைக் கூட்டருகே காட்டினால் சர்ரென்று உள்ளே போயிற்று. பசை வேலை இல்லாததால் நெடியும் இல்லை. தேர்வாளர் வருகிறவரை யாரும் போடக் கூடாதென்று ஃபேனை அணைத்து வைத்தோம். குழாய் வாய்க்கு எதிரே, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், ஒரு தகர ஜன்னல் இருந்தது. நாங்கள் போனதெல்லாம் கல்லூரி முடிந்த பிற்பகல்களில். ஒரு நாளும் அது திறந்திருந்ததில்லை. ஏதோ கிடங்கு என்று எண்ணிக்கொண்டோம். யார் வீடு என்று நாங்கள் கேட்கவில்லை. நெடி தொலைகிற சந்தோஷத்தில் காதர் பாயும் சொல்லவில்லை.

தேர்வாளர் காலையிலேயே வந்துவிட்டார். இஸ்திரி கலையாத சட்டை, சிரிக்காத முகம். வைவாவுக்குக் குழு முழுக்க இருந்தாக வேண்டும் என்பதால் சுகந்தியும் வந்திருந்தாள், கண் மட்டும் தெரிகிற மாதிரி துப்பட்டாவை முகத்தில் சுற்றிக்கொண்டு. நெடிக்காக என்று நினைத்தேன். காதர் பாய் அவளை ஒரு கணம் பார்த்தார், அப்புறம் வேறு பக்கம் பார்த்தார். பெண்கள் பசை தடவ ஆரம்பித்தார்கள். ஓம்கார் ஃபேனைப் போட்டான். தேர்வாளர் தன் கையாலேயே ஊதுபத்தியைப் பிடித்தார். புகை மளமளவென்று கூட்டுக்குள் ஓடியது. அவர் தலை லேசாக ஆடியது. அப்பாடா என்று நான் மூச்சு விட்டபோதுதான் எதிர்ப்பக்கம் தகரம் படாரென்று திறந்தது.

"ஏ காதர் பாய்! என்ன பாய் இது? ஒங்க கடை நாத்தத்தப் பூரா எங்க வீட்டுக்குள்ள ஊதி விடுதிய! அடுப்புல சோறு கொதிக்கி, சோறெல்லாம் சொல்யூஷன் நாத்தம்! நாங்க என்ன மனுசரா இல்லியா?"

கையில் கரண்டியோடு ஒரு அம்மாள். புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்தியிருந்தார். தேர்வாளர் என்னிடம் திரும்பினார். "க்யா போல் ரஹீ ஹை? என்ன சொல்கிறார்?"

அங்கே தமிழ் தெரிந்தவர்கள் அவர் கேள்விக்கு என் வாயைத்தான் பார்த்தார்கள். 'ஏதோ பக்கத்து வீட்டுப் பேச்சு சார்' என்று சொன்னால் முடிந்தது; அவர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார், சுகந்திக்கு வேலை நிற்கும். பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். மறைப்பானேன்.

அதற்குள் அந்த அம்மாள் எங்கள் கூட்டத்தைப் பார்த்துவிட்டார். ஒவ்வொரு முகமாக வந்த பார்வை துப்பட்டா சுற்றிய கண்களில் நின்றது. குரல் சட்டென்று இறங்கியது. "ஒண்ணுமில்ல சார். நீங்க ஒங்க வேலையப் பாருங்க" என்று யாருக்கோ சொல்வது போலச் சொல்லிவிட்டு, அந்த நெடியை உள்ளே வைத்துக்கொண்டே ஜன்னலைச் சாத்தினார். தகரத்துக்குப் பின்னால் அவர் இருமுவது கேட்டது.

சுகந்தி துப்பட்டாவைக் கழுத்துக்கு இறக்கினாள். ஆங்கிலத்தில், வைவாவில் பதில் சொல்வது போல ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னாள். "சார், எங்கள் கருவி இங்கிருக்கிற நெடியை எடுத்து அந்த வீட்டுக்குள் விடுகிறது என்கிறார். அடுப்பில் இருக்கிற சோறு பசை நாற்றம் அடிக்கிறது என்கிறார். அவர் சொல்வது சரி. அவர் என் அம்மா. அது எங்கள் வீடு."

ஓம்கார் ஃபேனை அணைத்தான். சுகந்தி என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னாள். "காரணம் கேட்டிய மேடம். அதான் காரணம்."

துறைத் தலைவருக்குக் கொடுத்த விண்ணப்பத்தில் 'நிஜ உலகம்' என்று எத்தனை தடவை எழுதியிருந்தேன்! அந்த உலகத்துக்கு நான் பிள்ளைகளைக் கூட்டிப் போவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருத்தி தினமும் அங்கிருந்து குளித்துத் தலைவாரிக் கல்லூரிக்கு வந்துகொண்டிருந்தாள். அவளைப் பார்த்து ஜோசியமா என்று கேட்டிருக்கிறேன்.

"இன்று நான் கையெழுத்துப் போட முடியாது" என்றார் தேர்வாளர். ஆனால் அவர் போகவும் இல்லை. கூரை எவ்வளவு உயரம், மழைத் தண்ணீர் குழாய்க்குள் இறங்காதா, இழுப்புக் குறைந்தால் என்ன செய்வாய் என்று அவளையே கேட்டார். எல்லாவற்றுக்கும் அவளிடம் பதில் இருந்தது; எப்போதோ போட்டு வைத்த கணக்குகள். கடைசியில் அவர், "மதிப்பெண் அனுப்ப இன்னும் கொஞ்சம் அவகாசம் இருக்கிறது. மாற்றிவிட்டுக் கூப்பிடுங்கள்" என்றார்.

அந்த நாட்களில் நான் சரியாகச் சாப்பிடவில்லை. துறைத் தலைவர் என்னைக் கண்டாலே உச்சுக் கொட்டினார். ஓம்கார் சொன்னபடியே இழுப்பு குறைந்தது, பெரிய ஃபேன் தேட வேண்டியிருந்தது. குழாயைத் தாங்க இந்தப் பக்கச் சுவரில் இடமில்லை. "எங்க செவுத்துல அடிங்க. மேல போனாப் போதும்" என்றார் சுகந்தியின் அம்மா. அப்படியே சந்தின் குறுக்கே போய் அவர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு கூரைக்கு மேலே ஏறியது குழாய்.

தேர்வாளர் மறுபடி வந்தபோது அந்த ஜன்னல் திறந்தே இருந்தது. உள்ளேயிருந்து அம்மா ஏதோ குரல் கொடுத்தார். தேர்வாளர் திடுக்கிட்டு, "இப்போது என்ன சொல்கிறார்?" என்றார்.

"டீ குடிச்சிட்டுப் போகணுமாம் சார்" என்றாள் சுகந்தி. அவர் குடித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

அதற்கடுத்த வாரம் குர்லாவில் வண்டி மாறினோம். சுகந்திக்கு ஜன்னலோரம் கிடைத்தது, எனக்கு வழக்கம்போல ஃபோர்த் சீட். எதிரே நின்ற ஒருத்தி சுகந்தியிடம், "கிதர் உத்ரேகி? எங்கே இறங்குவே?" என்றாள்.

"தாராவி."

அவள் குழம்பிப் போனாள். "தாராவின்னு ஸ்டேஷன் எங்கே இருக்கு?"

"சயான்ல எறங்குவேன். வீடு தாராவி" என்று ஹிந்தியில் சொல்லிவிட்டு சுகந்தி எழுந்தாள். சயான் வந்ததும் என் தோளைத் தொட்டு, "வருதேன் மேடம்" என்று இறங்கி, திரும்பிப் பார்க்காமல் நடந்து போனாள். அவளோடு இன்னும் சிலரும் இறங்கிவிட, என் பக்கம் இருக்கை கிட்டத்தட்டக் காலியானது. ஜன்னலோரத்தைப் பிடித்துக்கொண்ட அந்தப் பெண், பலகையைத் தட்டிக் காட்டி, உள்ளே நகர்ந்து நன்றாக உட்காரச் சொன்னாள்.

"இல்லை, அடுத்த ஸ்டேஷனில் இறங்கிவிடுவேன்" என்றேன். இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒரு காலை வழியில் நீட்டியபடி, பாதிப் பலகையிலேயே உட்கார்ந்திருந்தேன்.