டிக்கியில் ஒரு கல்

நாற்பத்தேழு வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். லைசென்ஸ் கைக்கு வந்த மறுமாதமே பழைய கார் ஒன்றை வாங்கினோம். வாங்கினோம் என்று சொன்னாலும் ஓட்டப்போவது நான் ஒருத்திதான். என் வீட்டுக்காரருக்கு மோட்டார் சைக்கிளைத் தவிர வேறு வண்டி ஓட்ட வராது. ஆனால் கார் ஓட்டுவதைப் பற்றி அவரிடம் இல்லாத கருத்து கிடையாது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு, இல்லாத பிரேக்கைக் காலால் அழுத்திக்கொண்டே வருவார்.

வண்டி அச்சன்புதூரில் வயல் வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சியுடையது. நாங்கள் வண்டி பார்த்த லட்சணத்தைச் சொல்லியாக வேண்டும். நான் தென்காசியில் கணக்கு டீச்சர். ஒரு விடையை மூன்று தடவை சரிபார்க்காமல் விடமாட்டேன். அப்படிப்பட்டவள் அன்றைக்குப் பார்த்தது சீட் கவர், ஏசி, கண்ணாடி இறங்கி ஏறுகிறதா, அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் பானட்டைத் திறந்து, ஏதோ புரிந்த மாதிரி இரண்டு நிமிடம் உள்ளே பார்த்துவிட்டு மூடினார். வயலுக்கு நடுவே போகும் சமதளமான ரோட்டில் ஒரு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தேன். நன்றாகத்தான் போனது. பிறகு அந்த வீட்டம்மா கூப்பிட்டதால் காபி குடிக்க உள்ளே போய்விட்டேன். ஆண்கள் இரண்டு பேரும் வண்டிப் பக்கத்திலேயே நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

கிளம்பும்போது அண்ணாச்சி டிக்கியைத் திறந்து, சாக்கில் சுற்றிய ஒரு கருங்கல்லைக் காட்டினார். பெரிய தேங்காய் அளவு இருக்கும். ஒரு பக்கம் சரிவாக இருந்தது.

"இதை மட்டும் எறக்கிராதிய. வண்டியோடயே கெடக்கட்டும்" என்றார்.

நான் ராசிக் கல் என்று எடுத்துக்கொண்டேன். சிலர் வண்டியில் எலுமிச்சம்பழம் வைப்பார்கள், சிலர் கறுப்புக் கயிறு கட்டுவார்கள், இவர்களுக்குக் கல் போலிருக்கிறது என்று நினைத்தேன். மறுநாள் தெருமுனைப் பிள்ளையார் கோயிலில் வண்டிக்குப் பூஜை போட்டோம். நான்கு டயருக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றிய பிறகு, டிக்கியைத் திறந்து அந்தக் கல்லுக்கும் சந்தனம் தடவி, குங்குமம் வைத்தேன். என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் குங்குமத்தை நினைத்தால் இப்போதும் எனக்குக் காதெல்லாம் சூடாகிறது.

மூன்று வாரம் பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக்குமாக ஓட்டினேன். நான்காவது கியரில் ஆக்சிலேட்டரை மிதித்தால் இஞ்சின் சத்தம் கூடியது, வேகம் கூடவில்லை. கிளட்ச் மிதியை முக்கால்வாசிக்கு மேல் விட்ட பிறகுதான் வண்டி நகர்ந்தது. எல்லாம் என் பழக்கக் குறைவு என்று நினைத்துக்கொண்டேன். புதிதாக ஓட்டுகிறவளுக்கு அதுதான் முதலில் தோன்றும்.

குற்றாலத்தில் சீசன் ஆரம்பித்த முதல் ஞாயிற்றுக்கிழமை, ஐந்தருவிக்குப் போவோம் என்றேன். அவர் பஸ்ஸில் போகலாம் என்றார். கார் இருக்கும்போது எதற்கு பஸ் என்று நான்தான் பிடிவாதமாகக் கிளப்பினேன். சாரல் விழுந்துகொண்டிருந்தது. ஐந்தருவி ஏற்றத்தில் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுவிட்டன. ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, கால் பிரேக்கை விட்டேன். வண்டி பின்னால் நகர ஆரம்பித்தது. பின்னால் ஒரு வேன் ஒட்டி நின்றது. பதறிப்போய் மறுபடி பிரேக்கை மிதித்தேன். முன்னால் இருந்த வண்டி நகர்ந்ததும் ஆக்சிலேட்டரை மிதித்தால் இஞ்சின் அலறுகிறது, வண்டி ஏறவில்லை. கருகல் வாசனை வேறு. வேன்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.

நான் கூப்பிடுவதற்கு முன்பே என் வீட்டுக்காரர் இறங்கி ஓடி, டிக்கியிலிருந்து கல்லை எடுத்துப் பின்டயருக்கு முட்டுக் கொடுத்துவிட்டார். அத்தனை சுறுசுறுப்பாக அவரை நான் பார்த்ததே இல்லை. கடைசியில் வேன் டிரைவர் இறங்கி வந்து, என்னை நகரச் சொல்லிவிட்டு, எப்படியோ வண்டியை மேலே ஏற்றிக் கொடுத்தார். குளித்துவிட்டு ஈரத் தலையோடு வருகிறவர்களெல்லாம் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"அவளுக்குக் கால் பதம் பத்தாது. புதுசு பாத்தியளா" என்று அவர் அந்த டிரைவரிடம் சொன்னார். சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்கு அருவியும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று ஆகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை ராத்திரி சாப்பிடும்போது, "கடையத்துல ஒருத்தர் வண்டியைக் கேக்காவ. ஞாயித்துக்கெழமை சாயந்தரம் வருவாவ. குடுத்துருவோம். ஒனக்கு எதுக்கு இந்தக் கஷ்டம்?" என்றார். வண்டி போனால் இன்னொன்று வாங்கலாம். ஆனால் இந்த வண்டி இப்படிப் போனால் நான் இனி ஸ்டியரிங்கைத் தொடமாட்டேன் என்று எனக்கே தெரிந்தது. கால் பதம் பத்தாதவள் என்ற பெயரை நானே நம்ப ஆரம்பித்திருந்தேன்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் செங்கோட்டை ரோட்டில் ஒரு மெக்கானிக் ஷெட்டுக்குப் போனேன். மெக்கானிக்குக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். "தம்பி, கோளாறு வண்டியிலயா என் கால்லயான்னு மட்டும் சொல்லுங்க" என்றேன்.

"அதை நீங்களே கண்டுபிடிக்கலாம்க்கா. இங்கனயே உக்காருங்க. பிரேக்கை நல்லா மிதிச்சுக்கிடுங்க. மூணாவது கியரைப் போட்டு, கிளட்சை மெதுவா முழுசும் விடுங்க. இஞ்சின் அணைஞ்சிட்டுன்னா கிளட்ச் நல்லாருக்கு."

விட்டேன். இஞ்சின் அணையவில்லை. ஒன்றுமே நடக்காதது மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

"பிளேட் தேஞ்சுட்டு. முன்ன ஓட்டுனவரு கிளட்ச் மேலயே காலை வச்சு ஓட்டிருக்காரு" என்றார். பிறகு வண்டியை நியூட்ரலில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுக்கச் சொன்னார். கடக் கடக் என்று பத்து முறை ஏறியது. ஐந்தாறிலேயே இறுகிப் பிடிக்க வேண்டுமாம். அவர் பானட்டில் ஒரு கையை வைத்துத் தள்ளினார். வண்டி சாதுவான பசுமாடு மாதிரி பின்னால் போனது.

ஜாக்கி எடுக்க டிக்கியைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். "அக்கா, இது என்ன சாமி?"

"வண்டியோட வந்தது. ராசியான கல்லு."

அவர் சிரித்த சிரிப்பில் எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "ராசியாவது ஒண்ணாவது! ஒங்க ஹேண்ட் பிரேக்குக்குத்தான் பொட்டு வச்சுருக்கிய."

வண்டியைச் சரிசெய்யச் சொல்லிவிட்டு, அங்கிருந்தே அச்சன்புதூர் அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். நல்ல கோபத்தில் இருந்தேன். அவர் பதறவே இல்லை. "நான் அன்னைக்கே ஒங்க வீட்டுக்காரர்ட்ட சொல்லிட்டனேம்மா. கிளட்ச் பிளேட் மாத்தணும், ஹேண்ட் பிரேக் பிடிக்காதுன்னு. எங்க ஊரு சமதளம், நமக்குக் கல்லே போதும். அவரு ஒங்கட்ட சொல்லலையா?"

சொல்லவில்லை. ஐந்தருவி ஏற்றத்தில் அவர் கல்லை எடுக்க ஓடிய வேகம் எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அன்று ராத்திரி தோசையை அவர் தட்டில் போட்டுவிட்டு நேராகவே கேட்டேன். "அண்ணாச்சி சொன்னாவளாமே. ஏன் என்ட்ட சொல்லல?"

அவர் மறைக்கவில்லை. "நீ என்ன மலையா ஏறப்போற? பள்ளிக்கூடம், வீடு. அதுக்கு எதுக்குன்னு விட்டுட்டேன்."

"அப்போ அத்தனை பேர் முன்னால கால் பதம் பத்தாதுன்னு ஏன் சொன்னிய?"

அவர் சட்னி கேட்டார். கிண்ணத்தை அவர் பக்கமாகத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். மானம் போனதைக்கூட மன்னித்திருப்பேன். பள்ளிக்கூடம், வீடு என்று என் ரோட்டை அவரே அளந்து வைத்திருந்ததுதான் நெஞ்சில் தைத்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வண்டி தயாரானது. கிளட்ச் பிளேட் மாற்றி, பின்பக்க பிரேக் ஷூ மாற்றி, கேபிளை இறுக்கியிருந்தார் மெக்கானிக். ஞாயிறு காலையில், "ஐந்தருவிக்குப் போவோம், ஏறுங்க" என்றேன். அவர் மறுக்கவில்லை. ஆனால் டிக்கியிலிருந்த கல்லை எடுத்து, தன் காலடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அதே ஏற்றம், அதே சாரல். அதே மாதிரி வண்டிகள் நின்றன. பின்னால் ஒரு வேன்கூட இருந்தது. அவர் குனிந்து கல்லைத் தூக்கிக்கொண்டு கதவைத் திறந்தார்.

"கதவைச் சாத்துங்க. மழை உள்ள அடிக்குது."

ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். ஐந்து கடக். நியூட்ரலில் போட்டுவிட்டு, மெதுவாகக் கால் பிரேக்கை விட்டேன். வண்டி அசையவில்லை. இரண்டு காலையும் தூக்கி சீட்டிலேயே மடக்கி உட்கார்ந்தேன். சாப்பாட்டுக்கு உட்கார்ந்த மாதிரி இருந்தது.

"பாத்துக்கிடுங்க. ரெண்டு காலும் இங்கன இருக்கு."

அவர் என் காலைப் பார்த்தார், ஹேண்ட் பிரேக்கைப் பார்த்தார், பிறகு மடியிலிருந்த கல்லைப் பார்த்தார். முன்வண்டி நகர்ந்தது. காலை இறக்கி, முதல் கியர் போட்டு, கிளட்ச் பிடிக்கிற இடத்தில் ஹேண்ட் பிரேக்கை விட்டேன். ஒரு விரலளவுகூடப் பின்வாங்காமல் வண்டி ஏறியது.

மேலே போய் நிறுத்தியதும் அவர் கல்லைக் காலடியில் இறக்கி வைத்துவிட்டு, "கடையத்துக்காரர்ட்ட வேண்டாம்னு சொல்லிருதேன்" என்றார்.

"நான் காலையிலேயே சொல்லிட்டேன்" என்றேன்.