வெடிச்சதுக்கு அப்புறம் வர்ற பூனை

முகப்பேர்ல எங்க அபார்ட்மெண்ட்ல, கோடை லீவுக்குப் பசங்களுக்குப் படம் போடலாம்னு பேச்சு வந்தப்போ முந்திக்கினு வாயைத் திறந்தது நான்தான். "இப்போ வர்றதெல்லாம் ஒரே அடிதடி, அந்தக் காலத்து அமெரிக்கா கார்ட்டூன் போடுங்க"ன்னேன். தேடி எடுத்துக் குடுத்ததும் நானே. என் வாய்க்கு ஒரு பூட்டு போட்டிருக்கணும்.

கார் பார்க்கிங்ல வேட்டியைத் திரையாக் கட்டிப் படம் ஓட்டினாங்க. ஒரு வெள்ளைப் பூனை குண்டைக் கவ்வும், டமார்னு வெடிக்கும். புகை அடங்கினா மூஞ்சி கரிக்கட்டை. தடிச்ச உதடு, உருட்டி முழிக்கிற கண்ணு, தலை நிறைய குட்டிக் குட்டிச் சடை. அந்த நாட்டுல கருப்பு ஜனங்களை இப்படித்தான் வரைஞ்சு சிரிச்சாங்கன்னு எனக்குத் தெரியாதா? நல்லாவே தெரியும். இருந்தும் எல்லாரும் சிரிச்சப்போ நானும் கெக்கேபிக்கேன்னு சிரிச்சேன். பக்கத்துல என் மகளும் சிரிச்சா. ரெண்டாவது படிக்கிறா. என் நிறம், நல்ல கருப்பு.

மறுநாள் மத்தியானம் மூச்சு வாங்க ஓடியாந்தா.

"அம்மா, சாயங்காலம் கீழ பூனை விளையாட்டு! எனக்குத்தான் மெயின் ரோல். வெடிச்சதுக்கு அப்புறம் வர்ற பூனை. எனக்கு மை கூட பூச வேணாமாம்!"

எனக்குச் சுர்ருன்னு ஏறிச்சு. அந்தப் பசங்க தோலை உரிக்கணும்னு இறங்கினேன். படியில எதிர்ப்பட்ட முதல் மாடிக்காரம்மாகிட்டயே கத்தினேன். "விடுங்கக்கா, பசங்க விளையாட்டு. நேத்து நீங்களும்தானே அப்படிச் சிரிச்சீங்க"ன்னா. கேலியா சொல்லல, சாதாரணமாத்தான் சொன்னா. எனக்குச் செவுள்ல விட்ட மாதிரி இருந்துச்சு. அப்படியே திரும்பி மேல வந்துட்டேன்.

போவாதன்னு சொன்னா ஏன்னு கேப்பாளே, இன்னா சொல்றது? அதையே யோசிச்சுகினு, சாயங்காலம் வழக்கம்போல அவளுக்கு மூஞ்சி கழுவி, தலை பின்னி, பவுடரைக் கையில கொட்டினேன். நம்ம ஊடுங்கள்ல பொண்ணைப் பவுடர் போடாம யாரு வெளிய அனுப்புறா? கருப்புப் பொண்ணுன்னா கழுத்து வரைக்கும் கொஞ்சம் கூடவே அப்புவோம். பொறந்ததுலேந்து அப்புறேன்.

சடார்னு மூஞ்சியைத் திருப்பிக்கினா.

"ஐயோ, வேணாம்மா! பவுடர் போட்டா வெடிக்கிறதுக்கு முன்னாடி வர்ற பூனையாயிடுவேன். தினம் நீ அதைத்தானே போடுற?"

சிரிச்சுகினே ஓடிட்டா. வெள்ளைக் கையை வெச்சுகினு நின்னேன். வெக்கம் புடுங்கித் தின்னுச்சு.